குழி காலி

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றபோது, வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்த வாகை மரத்தை முதலில் பார்க்கவில்லை. தங்கச்சியின் முகத்தைத்தான் பார்த்தான். இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அந்த வீட்டுக் கதவு கல்யாணமான நாளிலிருந்து அவளை இடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கும் மாப்பிள்ளையைப் போல ஐந்து விரல் உண்டு போலிருக்கிறது, கன்னத்தில் தடம் அப்படியே பதிந்திருந்தது.

அண்ணனுக்கு மரம் அறுப்பது தொழில். ‘ரம்பம்’ என்று பட்டப்பெயர். பேச்சால் வந்த பெயர் இல்லை, நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். தங்கச்சி இரண்டு தடவை அழுதுகொண்டு அவன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லி, அவனே கொண்டுவந்து விட்டுப் போனான். இன்று அந்தக் கண்ணைப் பார்த்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மாப்பிள்ளை மரத்தை விறகுக்குத் தள்ளிவிடப் பார்த்தான். தங்கச்சிதான் அடம்பிடித்து அண்ணனை வரவழைத்தாள். நல்ல வைரம் பாய்ந்த மரம், அறுத்தால் அகலப் பலகை விழும். வேரோடு சாய்ந்திருந்ததால் அடிவேர் மண்ணோடு பெயர்ந்து, ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் பெரிய குழி.

விழுந்த மரத்தில் எமன் உட்கார்ந்திருப்பது அந்தக் குழியில்தான். தண்டின் பாரம்தான் வேரைத் தூக்கிப் பிடித்திருக்கும். தண்டை அறுத்துவிட்டால் வேர் திரும்பிப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவர்கள் அப்பா காலத்தில், கைதவறி விழுந்த அரிவாளை எடுக்கக் குழிக்குள் இறங்கிய ஓர் ஆளை அப்படித்தான் மரம் விழுங்கியது. அன்றிலிருந்து அப்பா ஒரு வழக்கம் வைத்தார். கடைசி வெட்டுக்கு முன்னால், குழியோரம் நிற்கிறவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து அடிவரை பார்க்க வேண்டும். பிறகு நிமிர்ந்து கையைத் தூக்கிக் ‘குழி காலி’ என்று சொல்ல வேண்டும். அறுக்கிறவனுக்குக் குழி தெரியாது. அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் கை ஓடும். சின்ன வயதில் அண்ணனும் தங்கச்சியும் அதை விளையாட்டாகவே ஆடுவார்கள். குனியாமல் சொன்னால் அப்பா முதுகில் டின் கட்டிவிடுவார்.

காலையெல்லாம் கிளைகளைக் கழித்தார்கள். வீட்டு மரம் என்றால் இரும்பு தின்றிருக்கும், ஆணி ஆணியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. துணிக்கொடி கட்டிய கொக்கி ஒன்று தண்டில் புதைந்திருந்தது. ‘போன மாசம் அவரு என் தலைய இதுலதான் மோதினாரு’ என்று தங்கச்சி சொன்னாள், கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல. அண்ணன் கடப்பாரையை எடுத்து, கொக்கி தெறித்து விழும்வரை அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான்.

மாப்பிள்ளை ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. குழிக்குள் ஈரமண் குளுகுளுவென்று இருக்கிறதென்று, முக்காலியைப் போட்டுப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கச் சொன்னதற்கு, “என் வீட்டு மண்ணு, என் குழி. உங்க வேலையைப் பாருங்க மச்சான்” என்றான். மத்தியானம் சிகரெட் வாங்க வெளியே போனான். திரும்பி வந்ததை அண்ணன் பார்க்கவில்லை.

கடைசி வெட்டுக்குச் சங்கிலி ரம்ப மெஷினை முடுக்கிவிட்டு அண்ணன் நிமிர்ந்தான். தங்கச்சி குழியோரம் நின்றாள். கையைத் தூக்கினாள்.

“குழி காலி.”

அவள் குனியவில்லை. திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணால் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. விரல் விசையில் இருந்தது. அழுத்து என்றது மனசு. யாரும் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் விபத்து. மாப்பிள்ளை சாக வேண்டும் என்று அண்ணனும் விரும்பினான், பொய் சொல்வானேன். மெஷினை அணைத்தான்.

குழிக்குள் மாப்பிள்ளை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். தூக்கம் கலைந்த வெறியில் மாப்பிள்ளை பாட்டிலை அவன் தலையில் உடைத்தான். ரத்தம் புருவத்தில் வழிந்தது. அதன்பிறகு அண்ணன் கணக்குப் பார்க்கவில்லை. மூக்கில் குத்தினான், வயிற்றில் மிதித்தான், இத்தனை வருஷம் அடிக்காத அடியெல்லாம் சேர்த்து அடித்தான். இரண்டு பல் மரத்தூளில் விழுந்தது. தங்கச்சி தடுக்கவில்லை.

பிறகு அண்ணன் தானே குழியோரம் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து பார்த்தான். முக்காலி மட்டும்தான் இருந்தது. வந்து அறுத்தான். தண்டு பிரிந்ததும் வேர்ச்சுவர் உறுமிக்கொண்டு திரும்பிச் சாய்ந்து, குழியை அடைத்து உட்கார்ந்தது. தரை அதிர்ந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. முக்காலி இருந்த சுவடே இல்லை.

மாப்பிள்ளை அந்த இடத்தையே வெறித்தான். பிறகு மெதுவாகத் தங்கச்சி பக்கம் திரும்பினான்.

“காலின்னு சொன்னியே. தூக்கத்துல காதுல விழுந்துச்சு. என்னைக் கொல்லப் பாத்தியாடி?”

கீழே கிடந்த கோடரியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். ஓடிக்கொண்டிருந்த மெஷினோடு அண்ணன் குறுக்கே வந்து நின்றான். சங்கிலிப் பல் மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் சுற்றியது.

“இன்னும் ஒரு அடி எடுத்து வை. எனக்கு யாரும் காலின்னு சொல்ல வேண்டியதில்லை.”

கோடரி கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் லுங்கி நனைந்தது.

தண்டைச் சங்கிலி போட்டு, அண்ணன் கொண்டுவந்திருந்த லாரியில் கப்பியால் இழுத்து ஏற்றினார்கள். தங்கச்சி மாற்றுச்சேலைகூட எடுக்காமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். லாரி தெருமுனை தாண்டியது. அண்ணன் தலையில் கட்டிய துண்டு சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

“இனிமே உன்னைக் குழிப்பக்கம் நிறுத்த மாட்டேன்மா” என்றான்.

“சரி.”

“குனியக்கூட இல்லையே நீ.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குனிஞ்சு அந்த மூஞ்சியப் பாத்திருந்தா, என்னால சொல்லியிருக்க முடியாதுண்ணா.”