ஒரு காலின் அளவு

அரை அங்குலம், வெறும் அரை அங்குலம், டேப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் அது இருந்தே இருக்காது, இல்லை, இறுக்கிப் பிடித்ததால்தான் அரையோ, சாதாரணமாகப் பிடித்திருந்தால் முக்காலோ... இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிற கைக்கு இன்று காலையில் எப்படிப் பிடித்தோம் என்பது நினைவில்லை. மகளின் இடது முட்டிக்கு மேல் நான்கு விரல், அங்கேதான் எப்போதும் அளப்பது, அறுவை செய்த தழும்பு தொடங்குகிற இடம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று. போன தடவை பன்னிரண்டரை. போன தடவை என்பது ஆறு வாரத்துக்கு முன்னால், பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்ததில் ஆறு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போயிற்று, பதினாலு மாதமாக ஒரு ஞாயிறு தவறாமல் அளந்துவிட்டு இந்த ஆறு வாரம் மட்டும் ஏன் விட்டான், ஊரான் பிள்ளைகளின் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தானே... சுவரில் எண் பதினைந்துக்கு மாறியது. அவர்களுடைய டோக்கன் பதினேழு. ஸ்கேன் முடிந்துவிட்டது, படம் உள்ளே டாக்டரம்மாவின் மேசைமேல் இருக்கிறது, அவர் அதை ஏற்கெனவே பார்த்திருப்பார், அப்படியென்றால் இந்த நிமிடம் அவருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது, நடுவில் ஒரு கதவுதான்.

பக்கத்தில் மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு கால்களையும், நாற்காலி கிறீச்சிட்டது. ஒன்பது வயது. முடி திரும்ப வளர்ந்து இப்போது ரப்பர் பேண்டுக்குள் அடங்குகிறது. எதிர் வரிசையில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, அதற்கு அப்பால் இன்னொன்று, அவன் எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தான், எண்ணிவிட்டான், மகளோடு சேர்த்துப் பத்து. சிகிச்சை முடிந்த அன்று டாக்டரம்மா சொன்னார், "பரவாத கட்டி, முழுசா எடுத்தாச்சு. இந்த மாதிரி பிள்ளைங்கள்ல நூத்துக்கு எழுபது பேர் நல்லா ஆகிடறாங்க. முதல் ரெண்டு மூணு வருஷம்தான் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்." எழுபது பேர். அப்படியென்றால் இந்தப் பத்தில் ஏழு. யார் அந்த மூன்று என்று இவன் முகம் முகமாகப் பார்க்கிறான், எதிரில் இருக்கிற தாயும் இதே கணக்கோடு இவன் மகளைப் பார்க்கிறாளோ... சீ, என்ன மனசு இது. அவன் பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

தசையில் வருகிற கட்டி என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார், அது எலும்பில் இல்லை, தசையில் ஒளிந்துகொண்டு வளரும், வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது என்றார். ஆனால் அவனுக்குத் தெரிந்ததே. "அப்பா, இந்தக் கால் பக்கம் மட்டும் டைட்டா இருக்கு" என்று அவள் வந்து நின்றபோது அவன் என்ன செய்தான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள், மறுபடியும் அரை அங்குலம். மூன்றாவது தடவை விடுவதற்குத் துணியே இல்லை, அப்போதுதான் மனைவி கையை வைத்துப் பார்த்தாள். உலகத்தில் வேறு எந்த அப்பனாக இருந்தாலும் கால்சட்டை ஏன் பிடிக்கிறது என்று கேட்டிருப்பான். தையல்காரன் கட்டிக்கு இடம் விட்டுத் தைத்தான்.

மனைவி கோப்போடு வந்து உட்கார்ந்தாள். காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள், "ஏங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கும் கழுத்துல மாலையா? கழட்டுங்க," என்று சிரித்தாள், அவன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் அந்த அரை அங்குலம் வந்துவிடும். சுவரில் பதினாறு. அவள் சட்டென்று எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள், சொல்லாமலே வந்துவிட்டதோ என்னவோ.

"அப்பா," மகள் அவன் பையிலிருந்து தொங்கிய டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "நீ ஏன் எப்பவும் இந்தக் காலையே அளக்கற?"

"நீ தூங்கலயா?"

"நீ வந்தா கூசுது, எப்படித் தூங்கறது? சும்மா கண்ண மூடிப்பேன்." வலது காலை நீட்டினாள். "இதையும் அள. பாவம், கோவிச்சுக்கும்."

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் சொல்வதுதான், இரண்டு காலையும் ஏன் அளக்கிறாய் என்று கேட்டால், ரெண்டும் கூடப்பிறந்ததுதான் சார், ஆனா ஒரே மாதிரி இருக்காது என்பான். ஒரு காலை மட்டும் அளந்து எவனாவது துணி வெட்டினால் கத்தரிக்கோலைப் பிடுங்கியிருப்பான். பதினாலு மாதம்... அவன் குனிந்து முட்டிக்கு மேல் நான்கு விரல் வைத்து டேப்பைச் சுற்றினான். பதினாலே முக்கால், தசையை வெட்டியெடுக்காத கால். இது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? போன தடவை எவ்வளவு? போன தடவை என்று ஒன்று இல்லை. இரண்டு காலும் சேர்ந்தே வளர்ந்திருக்கலாம், பிள்ளை வளராமல் இருப்பாளா, அவள் கால்சட்டையின் கீழ் ஓரத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுப்பாகத் தெரிந்தது, போன மாதம் நீளம் போதாமல் இரண்டு விரற்கடை பிரித்துவிட்டவன் இவன்தானே, பிரித்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தான்... ஆனால் இடது கால் மட்டுமே வளர்ந்திருந்தால்?

"எவ்ளோ?" என்றாள்.

சொன்னான். "எழுதிக்கோ, அப்புறம் மறந்துடுவ," என்றாள் மகள். அவன் டோக்கனைத் திருப்பிப் பென்சிலால் எழுதினான், வலது, பதினாலே முக்கால், பக்கத்தில் தேதி. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இடது காலின் அளவுகளையெல்லாம் போன வாரத்தோடு ஒப்பிடத்தான் எழுதினான். இது அப்படியில்லை, இதற்குப் பின்னால் எதுவும் இல்லை, இது எதற்காவது உதவ வேண்டுமென்றால் அடுத்த மாதம் ஒன்று வேண்டும், அதற்கடுத்த மாதம் ஒன்று... பதினேழு என்று சுவர் சொன்னது, மனைவி பாட்டிலை மூடாமலே ஓடி வந்தாள், கதவருகே நர்ஸ் டோக்கனுக்குக் கையை நீட்டினாள், அவன் அதைக் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.