மூன்றாம் மண்டலத்துக் காற்று

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் அந்தக் கிளைத் தொழிற்சாலையில் மேனேஜர் நாற்காலி ரொம்ப நாளாகக் காலி. இந்தச் சம்பளத்துக்கு யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். சம்பளத்தை ஏற்றுவதை விட்டுவிட்டு, அது ஏன் ஏறாது என்று தொழிலாளர் கூட்டத்தில் விளக்கத் தலைமை அலுவலகம் ஒரு நிபுணரை அனுப்பியிருந்தது.

மெருகுப் பிரிவு மேஸ்திரியம்மாவுக்கு அன்று இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். இதே வில்லையைத் தலைநகரில் தேய்த்தால் இரட்டைச் சம்பளம். இன்று இங்கே சம்பளம் ஏறாவிட்டால், புருஷனையும் மகளையும் விட்டுவிட்டு நாளைக்கு அவள் அங்கே பஸ் ஏற வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது.

கூட்டத்தில் வைத்திருந்த வீடியோ திரையின் மூலையில், தலைநகரிலிருந்தபடியே முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நிபுணர் தொண்டையைச் செருமினார்.

“ஊதியக் கணக்கில் தலைநகர் முதல் மண்டலம்; நீங்கள் மூன்றாம் மண்டலத்தினர். இங்கே வாடகை குறைவு, காற்றோ தூய்மை. ஆகவே உங்கள் ஊதியத்தின் ஒரு பகுதியைக் காற்றாகப் பெறுகிறீர்கள்.”

“மளிகைக் கடைக்காரர் காத்தை வாங்கிக்குவாரா சார்?” என்றது பின்வரிசை.

நிபுணர் அதைக் கேட்காதவர்போல் தொடர்ந்தார். “பெருக்குபவர் முதல் மேலாளர் வரை ஒரு மண்டலத்துக்கு ஒரே அளவுகோல். விதிவிலக்கே கிடையாது. அடியேன் வகுத்த முறை.”

மேஸ்திரியம்மா எழுந்து கைதட்டினாள். பக்கத்திலிருந்தவள் பதறிப்போய், “அக்கா, உனக்குக் கழண்டுடுச்சா?” என்றாள்.

“முதலாளி ஐயா, இந்த ஊரோட அருமையை இவரை மாதிரி யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு மேனேஜரா இவரையே குடுத்துடுங்க.”

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. புரிந்ததும் விசில் பறந்தது. முதலாளி நெகிழ்ந்துபோனார். “அட, இவ்வளவு பிரியமா! சரிய்யா, நாளையிலேர்ந்து நீங்க அங்கேயே இருங்க. சம்பளம் அந்த ஊர் அளவுதான். காத்து இருக்கே!”

நிபுணரின் செந்தமிழ் கழன்று விழுந்தது.

“ஐயோ, எப்படிங்க கட்டுப்படியாகும்? சாமானெல்லாம் லாரியில வருது, லாரி வாடகையும் நம்ம தலையில! பெரிய டாக்டரைப் பார்க்கணும்னா தலைநகரத்துக்குத்தான் ஓடணும். பிள்ளைங்க படிப்புக்கும் அங்கதான். அங்க அதுங்க தங்குற வாடகையும் நாமதானே குடுக்கணும்? இங்க விலைவாசி கம்மின்னு எந்த மடையன் சொன்னான்?”

பெருக்குகிற தாத்தா பவ்யமாகக் கை தூக்கினார். “நீங்கதான் சார்.”

“உங்களுக்கு மட்டும் ஏத்த விதி இடங்குடுக்காதே,” என்றார் முதலாளி, நிஜமான வருத்தத்தோடு.

“அப்போ மண்டலத்தையே மாத்துங்க! முதல் மண்டலம்! எல்லாருக்கும்!” நிபுணர் மேசையைக் குத்தினார். தொழிற்சங்கத்தில்கூட அப்படி யாரும் குத்தியதில்லை.

“மண்டலம் உங்க இலாகா. நீங்களே சொன்னா சரி.”

கூரை அதிர்ந்தது. புது மேனேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலேயிருந்து அவர் பரிதாபமாக, “வாடகைக்கு வீடு கிடைக்குமாம்மா?” என்றார்.

“கிடைக்கும் சார். ஆனா முதல் மண்டல வாடகை கேட்பாங்க. பரவாயில்ல, காத்தோட்டமா பார்த்துத் தரேன்,” என்ற மேஸ்திரியம்மா, வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடுங்க.”