நூல் கட்டிய சாதிக்காய் மரங்கள்

மாத்தளையில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவள் நான். மீதிப் பாதி என் கைக்குத் தப்பிக் கண்டிக்கு ஓடிப்போய்ப் பிறந்தவர்கள். மருத்துவமாது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு நான் ‘மிஸ்ஸி’தான். காய்ச்சலுக்கும் கூப்பிடுவார்கள், கல்யாணப் பேச்சுக்கும் கூப்பிடுவார்கள். சூனியம் பார்க்கக் கூப்பிட்டது அப்துல் ஸமத் ஒருவர்தான்.

ஸமத் டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையைக் கொடுத்துவிட்டுச் சாதிக்காய்த் தோட்டம் வாங்கினார். சந்தேகத்தை மட்டும் கடையோடு கொடுக்கவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பார்.

“மிஸ்ஸி, மரத்துல எல்லாம் நூல் கட்டி ஈக்கு. வந்து பாருங்க” என்று மூச்சிரைக்க வந்து நின்றார்.

போய்ப் பார்த்தேன். கைக்கெட்டும் கிளைகளில், பூக்காம்புகளில் சிவப்பு நூல். சில பூக்களுக்கு கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலையில் தைத்த குட்டிப் பைகள் வேறு. புதுப்பிள்ளைக்குத் தொப்பி போட்ட மாதிரி அழகாகத்தான் இருந்தது.

“எல்லாம் பாறூக்கிட வேலை” என்றார். பாறூக் அடுத்த தோட்டத்துக்காரர். வேலிச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. “இந்த வருஷம் பூ பூக்குது, அப்படியே கொட்டுது. மரத்தக் கட்டிப் போட்டீக்கான்.”

“நூல் கட்டினா சூனியம்னா தம்பி, ஊருல உள்ள தையல்காரன் எல்லாம் மந்திரவாதியா?”

“சிரிக்காதீங்க மிஸ்ஸி. இந்த நூல் எங்க ஊட்டு நூல். ஸஜீதாட தையல் பெட்டியில பார்த்தேன். யாரோ அவளக் கொண்டு கட்ட வெச்சீக்காங்க.”

ஸஜீதா அவருடைய மகள். நான்தான் பிரசவம் பார்த்தேன்; அவள் போட்ட முதல் அழுகை வடக்கே நாலந்தா ஊர் வரைக்கும் கேட்டது. இப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள்; டொக்டராகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஸமத் குரலைத் தாழ்த்தினார். “அந்த வகுப்புலதான் என்னமோ நடக்குது. சிவநந்தினின்னு ஒரு டீச்சர், எல்கடுவ பஸ்ல வாறவ. ஆய்வுகூடத்து ஜன்னல எல்லாம் பூட்டிட்டுத்தான் படிச்சுக் குடுக்கிறாவாம். நல்ல பாடத்துக்கு எதுக்கு ஜன்னலப் பூட்டணும்? மகள் வாயே திறக்கிறா இல்ல. நாளைக்கு நீங்க என்னோட வாங்க. ஒரு கோளாறு கண்ணுல பட்டாலும் அன்னைக்கே மகள அங்க இருந்து எடுத்து ஆர்ட்ஸ்ல போட்டுடுவேன்.”

இந்த மனிதர் சொன்னால் செய்வார். பிள்ளையின் டொக்டர் கனவை நினைத்துத்தான் வருகிறேன் என்றேன். கூடவே, உண்மையைச் சொன்னால், ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கிடைத்ததில்லை. துப்பறியப் போகிறோமே!

மறுநாள் ஆய்வுகூடத்து ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் கிடந்தன. ஸமத் முதலில் காதை வைத்தார். பிறகு பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு என் கண்ணை வைத்தேன்.

உள்ளே பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அதற்குள் சோறு இல்லை. ஸஜீதா ஒரு சின்னத் தூரிகையால் அதிலிருந்து எதையோ வழித்து எடுத்தாள்.

“அது றிப்னா! பாறூக்கிட மகள்!” ஸமத்தின் மீசை துடித்தது. “மிஸ்ஸி, சூனியத் தூள் கொண்டாந்து குடுக்கிறா!”

நான் பிடிப்பதற்குள் அவர் கதவை மோதித் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். அவரோடு காற்றும் பாய்ந்தது.

“ஐயோ, கதவு! கதவச் சாத்துங்க!” என்று முழு வகுப்பும் கத்தியது.

“உள்ள வாங்க சேர், ஆனா கதவச் சாத்திட்டு வாங்க” என்றாள் சிவநந்தினி, இரண்டு கையாலும் ஒரு கண்ணாடித் தட்டைப் பொத்திக்கொண்டு. “கஷ்டப்பட்டுச் சேர்த்த மகரந்தம். காத்துல பறந்துடும்.”

பறந்ததில் பாதி ஸமத்தின் மூக்குக்குள் போயிருக்க வேண்டும். அவர் போட்ட தும்மலில் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படம் ஆடியது.

“என்ன மகரந்தம்?”

“சாதிக்காய் ஆண் பூவோடது. சாதிக்காயில ஆண் மரம் வேற, பெண் மரம் வேறங்க. பெண் மரந்தான் காய்க்கும்.”

“மரத்துல ஆம்புளையா?” ஸமத் என்னைப் பார்த்தார். எனக்கு மனிதர்களோடுதான் பழக்கம் என்று கையை விரித்தேன்.

ஸஜீதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வாப்பா, போன வருஷம் காய்க்காத மரம்னு கொஞ்சம் வெட்டி, பேக்கரிக்கு விறகுக்குக் குடுத்தீங்களே…”

“ஓ. சும்மா இடத்த அடைச்சிட்டு நின்ட மரம்.”

“அதெல்லாம் ஆண் மரம் வாப்பா. இப்ப எங்கட தோட்டத்துல ஒரு ஆண் மரமும் இல்ல. றிப்னாதான் அவங்கட தோட்டத்துல இருந்து பூ கொண்டு வாறா. நான் மகரந்தம் தொட்டு வெச்ச பூவுக்கு அடையாளமா நூல் கட்டினேன், பூச்சி படாம சிலதுக்கு வலைப் பை போட்டேன். சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல்ல.”

ஸமத் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“நூல் கட்டின பூ பிடிச்சீக்கா?” என்றார் ஸமத் மெதுவாக.

“கனக்கப் பிஞ்சு பிடிச்சீக்கு. கட்டாததுதான் கொட்டுது. பாறூக் மாமாட மரம் வேலி ஓரமா நிக்கிறதாலதான் அந்தப் பக்கத்துல கொஞ்சமாவது காய்க்குது.”

ஸமத்தின் முகம் வெளிறியது. “வேலியில சாஞ்சி நிக்குதே, அந்த மரமா? அத வெட்டச் சொல்லிப் பாறூக்கிட்ட நேத்துத்தானே ஆள் அனுப்பினேன்!”

போனை எடுத்தார். வேலிச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகப் பாறூக்கை அழைத்தார், அதுவும் அண்ணன் முறை வைத்து. “நாநா, அந்த மரத்துல கை வெச்சிடாதீங்க. அது… அது நிக்கட்டும்.” அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலில் சோதனைக் குழாய்கள் எல்லாம் கிணுகிணுத்தன. ஸமத் தலையைத் தலையை ஆட்டினார். “ஓ நாநா, ஓ நாநா” என்று கேட்டு முடித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

பிறகு மகளைப் பார்த்தார். ஆர்ட்ஸ் என்று வாயைத் திறந்தால் அவர் காலை மிதிக்கத் தயாராக நின்றேன்.

“அடுத்தது என்ன பாடம் டீச்சர்?”

“மனித இனப்பெருக்கம்” என்றாள் சிவநந்தினி தயங்காமல். “அதுக்கும் ஜன்னலப் பூட்டுவேன் சேர். கிரவுண்டுல விளையாடுற பையன்க எல்லாம் இங்க வந்து தொங்குவாங்க.”

ஸமத் தாடியைத் தடவினார். “மகள் இங்கயே படிக்கட்டும். ஆனா மிஸ்ஸியும் உள்ள இருக்கணும்.”

“இன்னும் என்ன தம்பி சந்தேகம்?” என்றேன்.

“சந்தேகம் ஒண்டுமில்ல மிஸ்ஸி. ஒரு சந்தேகத்துக்குத்தான்.”

அடுத்த கிழமை கடைசி வரிசை வாங்குப் பலகையில் மகாராணி மாதிரிப் போய் உட்கார்ந்தேன். “விந்தணு இவ்வளவு தூரம் நீந்துதே, அதுக்குச் சக்தி எங்க இருந்து வருது?” என்று சிவநந்தினி கேட்டாள். நான் முந்திக்கொண்டு கையை உயர்த்தி, “அவசரத்துல இருந்து” என்றேன். வகுப்பு சிரித்து முடிய அரைப் பாடவேளை போனது.

ஸஜீதா எழுந்தாள். “தலைக்கும் வாலுக்கும் நடுவுல சக்தி தாற இழைமணிகள் சுத்தி ஈக்கு டீச்சர். அதுலதான்…”

மூடிய ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

“மகள், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றது வெளியிலிருந்து ஸமத்தின் குரல். “இங்க ஒண்டும் கேக்குதில்ல.”