பணம் குடியிருக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமைக் காலை. பீன்யா தொழிற்பேட்டையின் ஒற்றையறை வீட்டில் ஐந்து வயதுச் சங்கமித்ரா கடை திறந்திருந்தாள். சரக்கு: மூன்று தக்காளி, ஒரு சீப்பு, அப்பாவின் காலுறை. நாட்காட்டித் தாளின் பின்புறம் கறுப்புக் கட்டங்கள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள்.

"ஸ்கேன் பண்ணுங்க மேடம்."

தனலக்ஷ்மி சிரித்தபடி தன் போனை நீட்டினாள். மகள் முகம் சுளித்தாள்.

"இது ஆகாது. அப்பா போன எடுத்துட்டு வாங்க."

"ஏன்டி?"

"உங்க போன்ல பணம் இருக்காது. அப்பாதானே சம்பாதிக்கிறாரு."

"அப்ப நான் தினம் பீன்யா ஃபேக்டரிக்கு எதுக்குப் போறேனாம்?"

குழந்தை யோசித்தாள். "பக்கத்து மெஷின் டீனா ஆன்ட்டிகூடப் பேச."

சவரம் செய்துகொண்டிருந்த கார்த்திகேசன் வாய்விட்டுச் சிரித்தான். தனலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் போன் இல்லை. அவள் பெயரில் திறந்த வங்கிக் கணக்குக்குக் கணவனின் போன் எண்ணைக் கொடுத்தார்கள். அன்று முதல் அவள் நின்று உழைத்த கூலி அவன் சட்டைப்பையில்தான் மணியடித்தது. அவன் கெட்டவன் அல்லன், கேட்டபோதெல்லாம் கொடுத்தவன். கேட்டதும் கொடுப்பவன் நல்லவன்தான். ஆனால் தன் உழைப்பின் பலனைத் தானே கேட்டுப் பெறும் நிலை, அது நல்லதா? பிள்ளைக்கு யாரும் இதைப் பாடம் நடத்தவில்லை. பார்த்தாள், படித்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு பேங்க் போறேன். நம்பர் மாத்தணும்."

"இப்ப என்ன ஆச்சு தனம்? நான் என்னிக்காவது இல்லன்னு சொன்னேனா?"

"நீங்க சொன்னதில்லைங்க. வளந்ததும் இவகிட்ட ஒருத்தன் இல்லன்னு சொல்லுவான். இவளும் சரின்னு நிப்பா."

கத்தி கன்னத்திலேயே நின்றது. கண்ணாடி வழியே மகளைப் பார்த்தான். அவள் காலுறைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆதார் கார்டு பீரோவுல மேல்தட்டுல இருக்கு," என்றான், நுரையைத் துடைத்தபடி. "நானும் வர்றேன்."

அந்த வாரமே ஒரு மாலை, தாயும் மகளும் கொய்யா வண்டி முன் நின்றார்கள். தனலக்ஷ்மி தன் போனை நீட்டினாள். பணம் வந்ததென்று வண்டிக்காரரின் பெட்டி கன்னடத்தில் உரக்க அறிவித்தது.

சங்கமித்ரா போனைப் பிடுங்கிப் புரட்டினாள். "இதுல பணம் எப்படிம்மா வந்துச்சு?"

"மெஷின் முன்னாடி நின்னு நின்னு வந்துச்சு."

"டீனா ஆன்ட்டிக்கும் வருமா?"

"அவங்களும் நிக்கிறாங்களே. வரும்."

குழந்தை கொய்யாவைக் கடித்தாள். புதிய சட்டம் அந்தச் சின்னத் தலைக்குள் வேகமாக எழுதப்பட்டது.

"அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கும்மா. ஆனா உடனே குடுக்காத. உன்கிட்ட வந்து கேக்கட்டும்."

வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தனலக்ஷ்மி குனிந்து, மகளின் வாயோரம் ஒட்டிய விதையைத் துடைத்தாள்.

"வேணாம் பாப்பா. நம்ம வீட்ல இனிமே யாரும் கேட்டு நிக்க வேணாம். போனதும் நீயே அவர் கையில குடு."

அவள் இன்னொரு கொய்யாவைத் தேர்ந்தெடுத்தாள், இருந்ததிலேயே பெரியது.