ஆடுகள் வானத்தில் மேய்ந்த ரயில்

திங்கட்கிழமைப் பேப்பர்களில் ரயிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கூட இல்லை. வெள்ளிக்கிழமை நிருபர்களை ஏற்றிக்கொண்டு சோதனை ரயில் ஓடியது; பாதிப் பேர் காகிதப் பையும் கையுமாக இறங்கினார்கள். "வாந்தி எக்ஸ்பிரஸ்" என்று ஒரு பேப்பர் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இங்கிலாந்தில் டெர்பி ரயில் ஆராய்ச்சிக் கூடத்தின் கேட்டில் காவல்காரர் கூட க்ளைவ் ஓர்ம் என்ற பொறியாளனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். க்ளைவுக்கு மானம் போயிற்று. ரயில் எவ்வளவு சாயவேண்டும் என்று கணக்குப் போட்டவன் அவன்தான்.

பத்து வருஷ உழைப்பு அது. மற்ற ரயில்கள் வேகம் குறைக்கிற வளைவில் இது சைக்கிள்காரன் மாதிரி உள்பக்கம் சாய்ந்து பறக்கும். சாய்வு சரிதானா என்று பார்க்க இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேஜையில் தளும்பத் தளும்ப ஒரு கோப்பை டீ வைப்பார்கள். வளைவு தாண்டியும் சொட்டு சிந்தாவிட்டால் ஜெயம். சிந்தவே இல்லை. ஆனால் கோப்பையை வைத்துப் பார்த்ததெல்லாம் கருவிகள் இருந்த பெட்டியில், அதற்கு ஜன்னலே கிடையாது. அத்தனை படித்த ஆட்கள், ஒருத்தருக்காவது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்போம் என்று தோன்றியதா? இல்லை.

அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை முதலில் அனுபவித்தது எட்னா பக்னல். கான்டீனில் டீ ஊற்றுகிறவள், ஐம்பத்தெட்டு வயசு, சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளுக்குக் "கண்ணு"தான். போன பிப்ரவரியில் மேலதிகாரிகள் வந்த ஓட்டத்தில் பயணிகள் பெட்டிக்கு டீ கொண்டு போனாள். மூன்றாவது வளைவில் ஒரு அதிகாரியின் ஷூ மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

"வயிறு நேரா உக்காந்திருக்கேங்குது. வெளிய பார்த்தா ஆடெல்லாம் வானத்துல மேயுது. எதைத்தான் நம்புறது கண்ணு?" என்றாள் க்ளைவிடம்.

இவ்வளவுதான் விஷயம். ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். க்ளைவுக்குப் புரியாமல் போகுமா? அன்று எதிர் இருக்கையில் அவனே தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் மறுவாரம் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கையெழுத்தாக வேண்டும். தன் கணக்கில் கோளாறு என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. பதிவேட்டில் இப்படி எழுதினான்: 'டீ பரிமாறும் பெண் குடிபோதையில் இருந்தார். இறக்கிவிடப்பட்டார்.'

எட்னா மெதடிஸ்ட் சபைக்காரி. குடியைத் தொடமாட்டேன் என்று பதினாலு வயசில் சத்தியம் செய்தவள். கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி வாசம் அடித்தால் தட்டை ஒதுக்கிவிடுவாள். அந்த ஒரு வரி அலுவலகத்திலிருந்து கான்டீனுக்கும், கான்டீனிலிருந்து சபைக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிறு பள்ளியில் இருபத்தாறு வருஷம் பாடம் சொன்னவளை, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று நாசூக்காக நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் க்ளைவுக்குத் தெரியும். தெரிந்தும் தினம் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தான். கல்நெஞ்சன் இல்லை, ஒவ்வொரு தடவையும் கூசிப்போனான். கூசினதோடு சரி.

பதினோரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் ஹெஸ்கெத் கூட்டம் போட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

"இதைப் பாருங்கய்யா. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வாந்தி எடுத்தது ஒரே ஒரு ஆள், அதுவும் குடிச்சிட்டு. நிருபர்களும் முந்தின ராத்திரி ஓசி விஸ்கியை விட்டுவைக்கல. குடிச்சவங்களுக்குத்தான் குமட்டும்னு அறிக்கை விட்டுரலாம். எழுதினது நீதானே க்ளைவ்?"

டீ வண்டியோடு எட்னா அந்த அறையிலேயே நின்றிருந்தாள். ஹெஸ்கெத் அவளைப் பார்த்துத் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க எட்னா. அன்னிக்கு லேசாப் போட்டிருந்தீங்க, அப்படித்தானே?"

எட்னா டீப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எழுதினவரையே கேளுங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். க்ளைவுக்குக் காது மடல் எரிந்தது.

"அவங்க குடிக்கல," என்றான். "ஜன்னல் வழியா பார்த்தா குமட்டும். அன்னிக்கு எனக்கும் குமட்டுச்சு. சாய்வைக் கொஞ்சம் குறைச்சா வளைவு உடம்புக்கும் தெரியும், சரியாயிடும்."

"பத்து மாசம்யா," என்றார் ஹெஸ்கெத். "அன்னிக்கே சொல்லியிருந்தா சத்தமில்லாம சரிபண்ணியிருப்போமே. இனிமே எவன் இதுல ஏறுவான்?"

மற்றவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். எட்னாவிடம் மன்னிப்பு என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை, க்ளைவ் வாயிலிருந்தும்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவனை எட்னா டீ வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறித்தாள்.

"இங்க எட்டுப் பேருக்குச் சொல்லியாச்சு. எங்க சபையில எழுவது பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு வாங்க."

"வரேன்," என்றான்.

போனான். அந்த மட்டில் பாராட்டலாம். அறிவிப்பு நேரத்தில் எழுந்து, வீட்டில் பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்ததை ஒப்பித்தான்: "திருமதி பக்னல் தொடர்பாக எங்கள் அலுவலகப் பதிவில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அது திருத்தப்பட்டது. வருந்துகிறோம்." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அப்பாடா என்றிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து எட்னா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நேர்ந்துடுச்சா? தானாவா நேர்ந்துச்சு?"

முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கம். க்ளைவ் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தான். பூமி அப்படியே விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"இல்லீங்க. நான்தான் எழுதினேன். பொய்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

"சரி, உக்காருங்க," என்றாள் எட்னா.

அவன் உட்கார்ந்தான். எழுபது பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.