சத்தம் போடும் பெட்டி

கருத்தப்பாண்டிக்கு ஒரு சாமானின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் அதைக் கையால் தொடமாட்டார். சுயம்புலிங்கம் சாக்கை விரித்து வைத்த இரண்டு பெட்டிகளையும் கால் கட்டைவிரலால்தான் தள்ளிப் பார்த்தார்.

"இதுல எது ஆளைக் கொல்லாதுன்னு மட்டும் சொல்லு. வேற வியாக்கியானம் வேண்டாம்."

"என்ன அண்ணாச்சி, கடைக்குள்ள வந்ததும் வராததுமா…" என்றான் சுயம்புலிங்கம். இராஜபாளையம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவனுக்குப் பழைய இரும்புக் கடை. மில்லில் கழித்துப் போட்டது, துறைமுகத்தில் ஏலம் போனது, எதுவானாலும் கடைசியில் அங்கே வந்து சேரும்.

கூட வந்திருந்த சோணைமுத்து சிரித்துக்கொண்டான். அவன் கருத்தப்பாண்டியின் தங்கை வெள்ளத்தாயின் புருஷன். இருவருக்கும் கிணற்றில் இறங்குவதுதான் பிழைப்பு. விழுந்த மோட்டார், செத்த மாடு, குதித்த மனுஷன், எதுவானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், காற்று ஓசுக் குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே போவது வழக்கம். கருத்தப்பாண்டிக்குக் காது சவ்வு கிழிந்த பிறகு சோணைமுத்துதான் இறங்குகிறான். அவர் மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு குமிழியைப் பார்ப்பார். குமிழி வருகிறவரை ஆள் இருக்கிறான். நின்றால் இழுக்க வேண்டும். இவ்வளவுதான் தொழில்.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிணறு அந்தத் தொழிலுக்கு அடங்கவில்லை. அங்கே ஒரு தோட்டத்தில், ஊற்றைத் தேடிப் பத்து ஆள் ஆழக் கிணற்றின் அடியிலிருந்து பாறைக்குள் சரிவாக ஒரு சுரங்கம் வெட்டினார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஊற்று உடைந்து, முத்துவீரன் என்பவன் உள்ளே மாட்டிக்கொண்டான். எத்தனை மோட்டார் போட்டு இறைத்தும் தண்ணீர் குறையவில்லை. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் பயனில்லை, சுரங்கம் வளைந்து போகிறது. சோணைமுத்து ஓசோடு போய்ப் பார்த்தான். வளைவில் ஓசு மடங்கி, காற்று நின்று, உயிர் தப்பித் திரும்பினான். "எலும்பையாவது எடுத்துக் குடுங்கய்யா, காரியம் பண்ணணும்" என்று முத்துவீரன் பெண்டாட்டி காலில் விழுந்துவிட்டாள். ஓசு இல்லாமல் முதுகிலேயே மூச்சைக் கட்டிக்கொண்டு போக ஒரு மிஷின் வேண்டும். அதற்குத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது வெள்ளத்தாய் ஒன்றே ஒன்று சொன்னாள். "அண்ணே, அவரு பளபளப்பாப் பாத்தா மயங்கிருவாரு. நீ பாத்து எடுத்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சுயம்புலிங்கம் விளக்கினான். "ரெண்டுக்கும் சூத்திரம் ஒண்ணுதான். நீங்க விடுற மூச்சு இந்தப் பைக்குள்ள போகும். டப்பாவுல இருக்குற சுண்ணாம்பு கெட்டதைத் தின்னுரும். சிலிண்டர்லேருந்து ஆக்சிசன் சேரும். அதையே திரும்ப இழுத்துக்கிடலாம்."

"விட்ட மூச்சையே திரும்ப இழுக்கணுமா? எச்சில் இலையைக் கழுவிப் போட்டுச் சோறு திங்கச் சொல்லுத."

"மச்சான், நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்றான் சோணைமுத்து. அவன் கண் புதுப் பெட்டியின் மேலேயே இருந்தது. கறுப்பு ரப்பர், மின்னுகிற சிலிண்டர். துறைமுகத்தில் முக்குளிப்பவர்கள் போட்டது. மற்றது துருப்பிடித்த தகரப் பெட்டி. எங்கோ நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தால் மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்காகச் செய்தது.

"புதுசுல ஒரு குமிழிகூட வெளிய வராது. மீனுக்குக்கூடத் தெரியாது" என்றான் சுயம்புலிங்கம்.

"மீனுக்குத் தெரியாட்டிப் போவுது. மேல நிக்கிற எனக்கு எப்படிலே தெரியும்?"

சோணைமுத்து காத்திருக்கவில்லை. புதுப் பெட்டியை மார்பில் மாட்டி, மூக்கில் பேண்டேஜ் துணியைத் திணித்துக்கொண்டு, குழாயைக் கடித்தான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சிழுத்தான். பை சத்தமில்லாமல் ஊதிச் சுருங்கியது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கண்ணைச் சிமிட்டினான். ரேடியோவில் பாட்டுக் கேட்கிறவன் மாதிரித் தலையை ஆட்டினான். பிறகு தலை ஆடுவது நின்றது. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கருத்தப்பாண்டி அவன் உதட்டைப் பார்த்தார். நாவற்பழம் தின்றவன் உதடு போலிருந்தது. எட்டிக் குழாயைப் பிடுங்கினார். சோணைமுத்து ஸ்டூலோடு சாய்ந்தான். கன்னத்தில் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

"எதுக்குப் பிடுங்குனீக? நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லாத்தான் இருக்கும். செத்துக்கிட்டு இருந்தே, மாப்ள."

சுயம்புலிங்கம் சிலிண்டரைத் தடவிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "திருகைத் திறக்கலையே! இதுல நாமளே அப்பப்பத் திறந்து விடணும். பொறவு இன்னொண்ணு அண்ணாச்சி, மறைக்கக் கூடாது. ஏலத்துல குடுத்தவன் சொன்னான், இதைப் போட்டுக்கிட்டு ரொம்ப ஆழம் போகக் கூடாதாம். போனா ஆக்சிசனே விஷமாகி வலிப்பு வந்துருமாம். நாலு ஆள் ஆழத்துக்குள்ளதான் கணக்காம்."

"அந்தப் பழசுக்கு?"

"அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை."

கருத்தப்பாண்டி தகரப் பெட்டியின் பக்கம் திரும்பினார். திருகைத் திறந்ததும் அது சீறியது. இதில் ஆக்சிசன் தானாகவே விடாமல் வந்துகொண்டிருக்கும். பை நிறைந்தால் மிச்சத்தை ஒரு வால்வு வெளியே தள்ளிவிடும். அவர் பெட்டியை முதல்முறையாகக் கையால் தூக்கினார். பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், வாய்க்குழாயை அடைத்து, டியூப் முக்கிப் பார்க்கிற தொட்டியில் அழுத்தினார். வேறெங்கும் ஒழுகல் இல்லை. வால்விலிருந்து மட்டும் குமிழி வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, ஒழுங்காக, கோர்த்த மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா, உசுரு இருக்கு இதுக்கு" என்றார்.

"தகர டப்பாவைப் போயி…" என்று சோணைமுத்து முனகினான்.

"தகரமோ தங்கமோ, சத்தம் போடுதுல்ல? ஊமையை நம்பி உன்னை உள்ள விடமாட்டேன். என் தங்கச்சிக்குப் பதில் சொல்லணும்."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிணற்று மேட்டில் தோட்டத்து ஆட்கள் கூடி நின்றார்கள். முத்துவீரன் பெண்டாட்டி பம்புசெட் நிழலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்தாயும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. வழக்கமாக இரையும் கம்ப்ரசர் இல்லாததால் கிணற்றடியே என்னவோ போலிருந்தது. சோணைமுத்துவின் இடுப்பில் கல்லையும் கயிற்றையும் கட்டி, பெட்டியின் திருகைத் தன் கையாலேயே திறந்துவிட்டார் கருத்தப்பாண்டி. சீறல் கேட்டதும் அவருக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

"குமிழி நின்னா இழுத்துருவேன், மாப்ள."

"நிக்காது மச்சான். நீங்க பாத்து எடுத்ததுல்ல!"

உள்ளே போனான். கயிறு இறங்கி, அடியைத் தொட்டு, பிறகு சுரங்கத்துக்குள் ஊர்ந்தது. குமிழி இரண்டு வரும், நிற்கும். கொஞ்சம் கழித்து ஒரு கொத்தாக வரும், மறுபடி நிற்கும். சுரங்கம் உள்ளே போகப் போகக் கீழிறங்குவதால் குமிழி கூரையைத் தடவிக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் கை கயிற்றை இறுக்கியது. வந்ததும் தளர்ந்தது.

கயிறு சட்டென்று இரண்டு மூன்று தரம் உதறியது. சுண்டினால்தான் சைகை. இது சுண்டியது இல்லை. பாறையில் சிக்கியதை விடுவிக்கிறான் போலும் என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கயிறு நகரவில்லை.

ஆனால் குமிழி வந்தது. முன்னைவிட நிறையவே வந்தது. நிற்காமல் வந்தது.

"அண்ணே, மூச்சு வருதா?" வெள்ளத்தாய் பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்தா பாரு, எம்புட்டு வருது! இப்பத்தான் மாப்பிள்ளைக்கு மிஷின் பிடிபட்டிருக்கு."

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, தூக்கை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். அவர் பீடி பற்றவைத்தார். குமிழியைப் பார்த்தபடியே புகைத்தார். வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. பீடி பாதியில் அணைந்ததை அவர் கவனிக்கவில்லை. அத்தனை வருஷம் மனுஷன் மூச்சைப் பார்த்த கண் அது. பாறையைப் புரட்டுகிறவனுக்கு மூச்சு முட்டும். பிணத்தைத் தொட்டவனுக்கு ஒரு மூச்சாவது நின்று வரும். இதுவோ ஒன்றன் பின் ஒன்றாக, ஒழுங்காக, கோர்த்த மாதிரி வருகிறது.

இதே வரிசையை அவர் நேற்றுப் பார்த்திருக்கிறார். பஞ்சர் கடைத் தொட்டியில். அப்போது பெட்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை.

"இழுங்கலே!" என்று அலறினார். "எல்லாரும் வந்து இழுங்கலே!"

கயிறு வளைவில் சிக்கிச் சிக்கி வந்தது. சோணைமுத்துவை மேட்டில் கிடத்தினார்கள். கண் மேலே சொருகியிருந்தது. கை இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தன. குழாயை அவன் பல் கடித்தது கடித்தபடி இருந்தது. ரப்பரோடு சேர்த்து நாக்கையும் கடித்திருந்தான்.

வெள்ளத்தாய் அவன் மேல் விழுந்தாள். அவன் நெஞ்சில் கட்டியிருந்த பை உப்பி, வால்வு வழியாகப் புஸ்ஸென்று விட்டு, மறுபடி உப்பியது. அவள் அதன்மேல் காதை வைத்தாள்.

"அண்ணே! மூச்சு வருது! யாரும் அழாதீக, மூச்சு வருது, சத்தம் கேக்குது!"

பம்புசெட் நிழலிலிருந்த முத்துவீரன் பெண்டாட்டி எழுந்து ஓடிவந்தாள். சுற்றி நின்றவர்கள் கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தத் திருகை மூடத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். குனிந்து கையை நீட்டினார். வெள்ளத்தாய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பையின் மேல் வைத்து, "தொட்டுப் பாருண்ணே" என்றாள்.