ஜெலாப்பாங்கில் இல்லாத வீடு

ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிவந்த முதல் மாதம் முழுக்கப் பத்துமலை விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டான். முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் அந்த நேரத்துக்குப் பெரட்டு மணி அடிக்கும். கூலிகளை வரிசையில் நிறுத்தி, ஆள் எண்ணி, பால்மரக் காட்டுக்கு அனுப்புவார்கள். ஈப்போ டவுனில் அடிக்க மணியும் இல்லை, அதட்டக் கங்காணியும் இல்லை. ஆனால் அந்த மணிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு அதை யார் எடுத்துச் சொல்வது?

“மணி அடிச்சாச்சு, ஓடுங்க பெரட்டுக்கு,” என்று செல்லாயி படுத்தபடியே கேலி செய்வாள். ஒன்பது மாத வயிற்றோடு புரண்டு படுப்பதே அவளுக்குப் பெரும்பாடு. கேலிக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வீடு என்றால் ஒரு பலகை வீட்டில் பாதி. மறுபாதியில் சூசைநாதனும் அவன் மனைவி அகதாவும் இருந்தார்கள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘தண்ணி குடிங்க’ என்று குரல் வரும். நடுச்சுவரின் லட்சணம் அப்படி. சூசைநாதன் ரயில் கூட்ஸ் ஷெட்டில் மண்டோர். மூட்டை தூக்குகிறவர்களை வேலை வாங்குவது அவன் பொறுப்பு. பத்துமலைக்கு அங்கே வேலை பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

செல்லாயிக்கு டவுன் பிடித்துப்போயிற்று. தெருமுனைக் குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டியது. சீனன் மீன் கூடையை வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினான். இது வேண்டாம், அதைக் காட்டு என்று விரலை நீட்டிப் பொறுக்கி வாங்குவது அவளுக்குப் பெரிய ராஜாங்கமாக இருந்தது. நாலு வயது நவமணிக்கு ரயில். தூரத்தில் கூவினால் போதும், சோற்றுக் கையோடு ஓடுவாள். “எங்கப்பா தூக்கின மூட்டை போவுது,” என்று அகதாவிடம் வந்து சேதி சொல்வாள். பிள்ளை இல்லாத அகதா அதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வாள்.

இவ்வளவு இருந்தும் பத்துமலையின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அவன் தோட்டத்தில் சொல்லிக்கொண்டு வரவில்லை. முறைப்படி ஒரு மாதம் முன்னால் ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். கூட்ஸ் ஷெட் வேலையோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காது என்று தகவல் வந்திருந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பானை சட்டியைக்கூட அப்படியே விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு நடையைக் கட்டிவிட்டான்.

அவன் சிறு வயதில் சின்னையா என்று ஒருவன் அப்படித்தான் ஓடினான். போன இடத்தில் குளிர்காய்ச்சல் வந்து வேறொரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தான். அங்கே அவன் பேரை எழுதினார்கள். எழுதிய பேர் அந்தத் தோட்டத்துத் துரைக்குப் போயிற்று. அந்தத் துரை இவர்கள் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் போட்டான். நாலாம் நாள் கங்காணி போய்ச் சின்னையாவைக் கயிற்றால் கட்டி இழுத்துவந்தான். பெரட்டில் எல்லாரும் பார்க்க அவன் வாங்கிய அடியைப் பத்துமலை மறக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் துரையின் காது. அங்கே பேரைச் சொன்னவன் கெட்டான். பள்ளிக்கூடம் போகாத பத்துமலை வாழ்க்கையில் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அதெல்லாம் பழைய காலம். ஓடிப்போன கூலியைப் பிடித்துத் தண்டிக்கிற சட்டத்தைச் சர்க்கார் எடுத்துப்போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவனைத் தேடி ஒரு நாயும் வரப்போவதில்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஓடிவந்தவன் என்று தெரிந்துவிடுமே. சூசைநாதனிடம்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்ததாகத்தான் சொல்லி வைத்திருந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

செல்லாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் நவமணிக்குக் குளிர் எடுத்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. பிறகு உடம்பு அனலாகி, வேர்த்து, விட்டது. மறுநாள் எழுந்து ரயில் பார்க்க ஓடினாள். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் குளிர். தோட்டத்துக் காய்ச்சல் அவர்களோடு கூடவே குடிவந்திருந்தது.

நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். திருநீறு போட்டார்கள். நாலாவது முறை வந்தபோது பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. ரயில் கூவியது, அவள் தலையைத் திருப்பவில்லை.

“அண்ணே, இது கஷாயத்துக்கு அடங்காது,” என்றாள் அகதா. “பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அங்க நல்லாப் பாக்குறாங்க.”

“காய்ச்சல் விட்டிருக்கே. இன்னும் ஒரு நாள் பாப்போம்.”

அப்படி ஒரு நாள் ஒரு நாளாக மூன்று நாள் பார்த்தான். பிள்ளைமேல் பாசம் இல்லாதவன் அல்ல. மடியைவிட்டு இறக்கவே மாட்டான். ஆனாலும் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டாலே சின்னையாவின் முதுகு அவன் கண்முன் வந்து நின்றது. கடைசியில் செல்லாயி பாயைவிட்டு எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது.

“நீங்க தூக்கிட்டுப் போறீங்களா, இல்ல இந்தப் பச்ச ஒடம்போட நான் போகட்டுமா?”

அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை நவமணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்றைக்குக் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. பிள்ளை தெளிவாகப் பேசினாள். பாலம் தாண்டியதும் அவன் கேட்டான்.

“நவமணி, அப்பா ஒண்ணு சொல்றேன், கேப்பியா?”

“ம்.”

“அங்க ஒம் பேரைக் கேட்டா முனியம்மான்னு சொல்லணும்.”

“நான் நவமணிலா.”

“ஆமா. அங்க மட்டும் முனியம்மா. வீடு எங்கன்னு கேட்டா சொல்லவே கூடாது. யாரு கேட்டாலும் சரி. சொன்னா அப்பாவைக் கட்டி இழுத்துட்டுப் போயிடுவாங்க.”

பிள்ளை தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “அம்மாவையுமா?”

“அம்மாவையும்தான். தம்பியையும்தான்.”

“சொல்ல மாட்டேன்பா,” என்று அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கை சுட்டது.

ஆஸ்பத்திரி மேசையில் பேர் எழுதுகிற யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளையின்ர பேர்?”

“முனியம்மா.”

“தகப்பன் பேர்?”

“இராமசாமி.”

“இருக்கிற இடம்? அவசரமெண்டா ஆள் அனுப்ப வேணும்.”

“ஜெலாப்பாங், ஐயா. பழனியப்பன் கடைக்குப் பின்னால.”

ஜெலாப்பாங்குக்கு அவன் ஒருநாளும் போனதில்லை. பழனியப்பன் யாரென்று அவனுக்கே தெரியாது. கிராணி எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்தத் தோட்டம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்த்தாவது அவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பாவி மனுஷன், பொய் நன்றாகப் பலித்தது என்று மூச்சு விட்டான்.

பிள்ளைகள் வார்டில் காளியம்மா என்ற ஆயா நவமணியைக் கையில் வாங்கிக்கொண்டாள். “ஆம்பளைங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் வரலாம். பொம்பளைங்க தினமும் பகல்ல வரலாம். இதோட அம்மாவை வரச் சொல்லுங்க,” என்றாள். நவமணி அழவில்லை. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். சொன்னபடி இருக்கிறேன் பார் என்று காட்டுகிற பார்வை அது.

அன்று மாலையே அகதா கேட்டாள். “அண்ணி வர முடியாது. நாளைக்கு நான் போயிப் பாத்துட்டு வாரேன் அண்ணே.”

 இவள் போய் நவமணி எங்கே என்று கேட்டால் எல்லாம் வெளியாகிவிடும்.

“வேணாம் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரையும் உள்ள விட மாட்டாங்களாம்.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. செல்லாயி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். “நெனப்பு எடுத்துத் தேடுமே,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் அவனை விரட்டினாள். அவன் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனான். கதவு சாத்தியிருந்தது. காவல்காரன், “யாரு, என்ன பேரு?” என்று கேட்டான். பத்துமலை பதில் சொல்லாமல் திரும்பி நடந்தான். வீட்டுக்கு வந்து, “நல்லா இருக்காம், கஞ்சி குடிச்சுதாம்,” என்றான். அன்றைக்குத்தான் செல்லாயி ஒரு கவளம் வாயில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துவைத்த கவுன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானமானால் உள்ளே விடுவார்கள். முதல் ஆளாகப் போய் நின்றான். நவமணி படுத்திருந்த கட்டிலில் வேறு பிள்ளை இருந்தது. கட்டில் மாறிவிட்டது என்று நினைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனான். பின்னாலிருந்து காளியம்மா கூப்பிட்டாள்.

“முனியம்மா அப்பாதானே நீங்க?”

தலையை ஆட்டினான். அவள் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“எங்கய்யா போயிருந்தீங்க? பியூனு ரெண்டு நாளு ஜெலாப்பாங் பூரா அலைஞ்சான். பழனியப்பன் கடைன்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லையாம்.”

கொண்டுவந்த கவுனை அவன் மடியில் வைத்துக்கொண்டான்.

“புதன்கிழமையிலேருந்தே அம்மா அம்மான்னுச்சு. ஒங்கம்மா எங்க இருக்குன்னு சொல்லு கண்ணு, ஆள் விட்டுக் கூட்டியாறேன்னு கெஞ்சினேன். பெரிய டாக்டரும் வந்து கேட்டாரு. நல்லாத் தெளிவாத்தான் இருந்துச்சு. சொன்னா அப்பாவைக் கட்டி இழுத்துட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லிட்டு, கையால வாயைப் பொத்திக்கிச்சு. அதுக்கப்புறம் கேக்கவே எங்களுக்கு மனசு வரல.” காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிருச்சு. நேத்து வரைக்கும் வெச்சுப் பாத்தோம். யாரும் வரல. சர்க்கார் ஆளுங்க அடக்கம் பண்ணிட்டாங்க. யாருய்யா ஒங்களைக் கட்டி இழுக்கப் போறது?”

“தோட்டத்துலேருந்து சொல்லாம ஓடியாந்துட்டேன்,” என்றான்.

காளியம்மா அவனையே பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள், முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

“இப்பல்லாம் யாரையும் பிடிக்கிறது இல்லையேய்யா. இங்க வந்து படுக்கிறவங்கள்ல பாதிப் பேரு அப்படி வந்தவங்கதான்.”

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது. செல்லாயி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அகதாவும் பக்கத்தில் இருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சின்னையாவில் தொடங்கி ஜெலாப்பாங்வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க இனி என்ன இருக்கிறது? அகதா சுவரில் தலையைச் சாய்த்து ‘மாதாவே’ என்று அழுதாள். செல்லாயி அழவில்லை.

“அம்மான்னு தேடுச்சா?”

“தேடுச்சு.”

“நான் இங்கதானே இருந்தேன்.”

“நீ எங்க இருக்கேன்னு அதுகிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்காங்க. சொல்லாதேன்னு நான் சொல்லியிருந்தேன். அது சொல்லல.”

செல்லாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். முப்பது நாள் கணக்கில் இன்னும் ஆறு நாளோ என்னவோ பாக்கி இருந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

“எங்க போற?” என்றான் பத்துமலை.

“ஆஸ்பத்திரிக்கு. வந்து அந்தப் பேரை மாத்தச் சொல்லுங்க. எம் புள்ள எவளோ முனியம்மாவா மண்ணுக்குள்ள கெடக்கக் கூடாது.”

அவள் முன்னால் நடக்க, பத்துமலை பின்னால் போனான். அகதா குடையைப் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடந்தாள். மேசையில் அதே கிராணிதான் இருந்தார். சங்கதியைக் கேட்டுப் பெரிய புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, பேனாவை மையில் தொட்டார்.

“தகப்பன்ர சரியான பேர்?”

“பத்துமலை,” என்றான். கிராணி கேட்காமலே தோட்டத்தின் பேரையும் சொன்னான், துரையின் பேரையும் சொன்னான், கூலிகள் குடியிருக்கும் எந்த லயத்தில் இருந்தான் என்பதையும் சொன்னான்.

“அதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை,” என்றார் கிராணி. “பிள்ளையின்ர பேரைச் சொல்லும்.”

பத்துமலை செல்லாயியின் பக்கம் திரும்பினான். செல்லாயிதான் சொன்னாள்.